சிக்னல் மங்கலை அளந்து, பிரித்தறிந்து, சரிசெய்வது: புதியவர்களுக்கான வழிகாட்டி

கம்பியில்லாத் தொடர்பில் புதிதாக இறங்கும் எவரும் ஒரு கட்டத்தில் இந்தக் குழப்பத்தைச் சந்திப்பார்கள். டிரான்ஸ்மிட்டர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ரிசீவரை இரண்டு விரல் அகலம் நகர்த்துகிறீர்கள். சிக்னல் நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. இன்னும் இரண்டு விரல் நகர்த்தினால் திரும்பி வந்துவிடுகிறது. தூரம் கூடவில்லை, நடுவில் புதிதாகச் சுவர் எதுவும் முளைக்கவில்லை. பவரைக் கூட்டிப் பார்க்கலாமே என்றுதான் முதலில் தோன்றும். இந்த இடத்தில் அது பெரிதாக உதவாது. ஏன் உதவாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

ஃபேடிங், அதாவது சிக்னல் மங்கல் என்று ஒரே பெயரில் நாம் சொல்வது மூன்று வெவ்வேறு நிகழ்வுகளை. மூன்றுக்கும் காரணம் வேறு, அளவு வேறு, தீர்வும் வேறு. எந்த மங்கல் என்று பிரிக்காமல் தீர்வைத் தேடினால் பணமும் நேரமும் வீணாகும். அதனால் முதலில் பிரிக்கக் கற்றுக்கொள்வோம், அப்புறம் அளப்போம், கடைசியில் சரிசெய்வோம்.

படி 1: இரண்டு கணக்குகளை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

முதலாவது டெசிபல். 3 டெசிபல் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு, 30 என்றால் ஆயிரம். 1 மில்லிவாட் பவரை 0 டிபிஎம் என்று வைத்துக்கொள்கிறோம். போனில் −30 டிபிஎம் என்று காட்டினால் டிரான்ஸ்மிட்டர் பக்கத்திலேயே இருக்கிறது என்று பொருள். −90 டிபிஎம் என்றால் வந்து சேர்வது ஒரு பிகோவாட் மட்டுமே, அதாவது முன்னதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய வீச்சைக் கையாள டெசிபலை விட வசதியான அளவு கிடையாது.

இரண்டாவது அலைநீளம். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் விடை வரும். 433 மெகாஹெர்ட்ஸில் 69 செ.மீ., 900-இல் 33 செ.மீ., வைஃபையும் புளூடூத்தும் இயங்கும் 2400-இல் 12.5 செ.மீ., 5000-இல் 6 செ.மீ. மங்கலைப் பொறுத்தவரை அலைநீளம்தான் உங்கள் அளவுகோல். இனி வரும் எல்லாத் தூரங்களையும் அதை வைத்தே பாருங்கள்.

படி 2: எவ்வளவு தூரம் நகர்ந்தால் மாறுகிறது என்று கேளுங்கள்

பிரித்தறிய இந்த ஒரு கேள்வி போதும்.

பத்துக் கணக்கான, நூற்றுக் கணக்கான மீட்டர் நகரும்போது சிக்னல் மெல்ல மெல்ல இறங்கினால் அது பாதை இழப்பு. அலை பரவப் பரவ அதன் ஆற்றல் பெரிய பரப்பில் விரிகிறது, அவ்வளவுதான்.

சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் நகரும்போது சராசரியே ஏறி இறங்கினால் அது நிழல் மங்கல். கட்டடம், தூண், மரம், மேடு போன்ற ஏதோ ஒன்று வழியை மறைக்கிறது. ஒரே தூரத்தில் உள்ள பல இடங்களில் அளந்தால், டெசிபலில் அந்த அளவுகள் இயல்நிலைப் பரவலைப் போல, நடுவில் குவிந்து இருபுறமும் சரிந்து விழும். திட்ட விலக்கம் சாதாரணமாக 4 முதல் 12 டெசிபலுக்குள் இருக்கும். திட்டமிடும்போது 8 என்று வைத்துக்கொள்வது நல்ல தொடக்கம்.

சில சென்டிமீட்டரிலேயே சிக்னல் குதித்தால் அது பல்பாதை மங்கல். புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான், அதனால் இதற்கே அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

படி 3: முதலில் காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன் இணைப்புக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. தடையில்லா வெளியில் பாதை இழப்புக்கு 1946-இல் ஹரால்ட் ஃப்ரிஸ் வெளியிட்ட சமன்பாடு இன்றும் அடிப்படை. அதன்படி 2.4 கிகாஹெர்ட்ஸில் முதல் ஒரு மீட்டரிலேயே 40 டெசிபல் போய்விடும். அதற்கப்புறம் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல், பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் 20 டெசிபல்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். டிரான்ஸ்மிட்டர் 20 டிபிஎம் அனுப்புகிறது. இரண்டு பக்கமும் 2 டெசிபல் ஆதாயமுள்ள (அதாவது அலையை ஒரு பக்கம் குவித்து அவ்வளவு கூட்டித் தரும்) ஆன்டெனா. தூரம் 100 மீட்டர். வெட்டவெளியில் இழப்பு 80 டெசிபல். ஆக ரிசீவருக்கு வருவது 20 + 2 + 2 − 80 = −56 டிபிஎம். ரிசீவருக்குக் குறைந்தது −90 டிபிஎம் வேண்டும் என்றால் கையிருப்பு 34 டெசிபல். தாராளம்.

இப்போது அதே 100 மீட்டர், ஆனால் சுவர்களும் பொருள்களும் நிறைந்த இடம். அங்கே தூரம் பத்து மடங்கானால் 20 அல்ல, 30 முதல் 40 டெசிபல் வரை போகும். 35 என்று வைத்தால் மொத்த இழப்பு 40 + 70 = 110. வருவது −86 டிபிஎம். கையிருப்பு வெறும் 4 டெசிபல்.

காகிதத்தில் இணைப்பு வேலை செய்வதுபோல்தான் தெரியும். −86 என்பது −90-ஐ விட மேல்தானே? ஆனால் −86 என்பது சராசரி. மங்கலை இன்னும் நாம் கணக்கில் சேர்க்கவேயில்லை. இந்த உதாரணத்தை நினைவில் வைத்திருங்கள், மீண்டும் தேவைப்படும்.

படி 4: பல்பாதை மங்கலின் உள்வேலையைப் புரிந்துகொள்ளுங்கள்

ரிசீவருக்கு வருவது ஒரு அலை அல்ல. நேராக வந்தது ஒன்று, சுவரில் பட்டு வந்தது ஒன்று, தரையிலும் அலமாரியிலும் கூரையிலும் பட்டு வந்தவை பல. ஒவ்வொன்றும் வெவ்வேறு நீளமுள்ள பாதையில் வந்ததால் ஏற்ற இறக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தி வராது. ஆன்டெனா இவை எல்லாவற்றையும் கூட்டித்தான் கொடுக்கும். முகடும் முகடும் சேர்ந்தால் சிக்னல் பெருகும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழிக்கும்.

இரண்டே பாதைகளை வைத்துப் பார்க்கலாம். எதிரொலித்து வந்த அலையின் வீச்சு, நேராக வந்த அலையில், அதாவது நேரலையில், பாதி என்றால் கூட்டுத்தொகை 1.5-க்கும் 0.5-க்கும் இடையே ஆடும். உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள இடைவெளி 9.5 டெசிபல். எதிரொலி நேரலையில் 90 சதவீதம் என்றால்? 1.9-க்கும் 0.1-க்கும் இடையே ஆடும். இடைவெளி 25 டெசிபலைத் தாண்டிவிடும். இரண்டு அலைகளும் எவ்வளவு சம வலுவோடு இருக்கின்றனவோ, குழி அவ்வளவு ஆழம். இரண்டும் வலுவாகவே வருகின்றன, ஆனாலும் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

டிரான்ஸ்மிட்டரிலிருந்து விலகி, எதிரொலிக்கும் சுவரை நோக்கி ரிசீவரை நகர்த்தினால், நேர்ப்பாதை நீள்கிறது, எதிரொலிப் பாதை குறைகிறது. அதனால் நகர்ந்த தூரத்தைப் போல இரண்டு மடங்கு பாதை வித்தியாசம் மாறும். ஆகவே ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு அரை அலைநீளம்: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். குழியிலிருந்து உச்சத்துக்கு மூன்று சென்டிமீட்டர்தான்.

பவரைக் கூட்டுவது ஏன் பெரிதாக உதவாது என்பது இப்போது தெரிந்திருக்கும். பவரைக் கூட்டினால் எல்லாப் பாதைகளிலும் வரும் அலைகள் ஒரே விகிதத்தில் பெரிதாகும். அழிவும் அதே விகிதத்தில் நடக்கும். குழி இருந்த இடத்திலேயே, அதே ஆழத்தோடு இருக்கும். மொத்தப் படமும் கொஞ்சம் மேலே ஏறும், அவ்வளவே.

நேரலையே இல்லாமல் சம வலுவுள்ள பல எதிரொலிகள் மட்டும் வந்தால், விளையும் பரவலுக்கு ரேலே பரவல் என்று பெயர். ரேலே பிரபு 1880-இல் ஒழுங்கில்லாத கட்டங்களில், அதாவது முகடும் பள்ளமும் பொருந்தாமல், வரும் பல அதிர்வுகளைக் கூட்டினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தபோது கிடைத்த கணிதம் இது. ரேடியோ பிறப்பதற்கு முன்பே விடை தயாராக இருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஒரு வலுவான நேரலையும் கூட இருந்தால் அது ரைஸ் பரவல். பெல் ஆய்வகத்தின் ஸ்டீஃபன் ரைஸ் 1944-45-இல் வெளியிட்ட இரைச்சல் கணிதத்திலிருந்து வந்தது.

ரேலே மங்கலுக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு விதி உண்டு. சிக்னல் சராசரியை விட 10 டெசிபல் கீழே போகும் வாய்ப்பு ஏறக்குறைய 10 சதவீதம். 20 டெசிபல் கீழே போக 1 சதவீதம். 30 டெசிபல் என்றால் 0.1 சதவீதம். நம்பகத்தன்மையைப் பத்து மடங்கு உயர்த்த ஒவ்வொரு முறையும் பத்து மடங்கு பவர் கேட்கிறது இந்த விதி. நம் உதாரணத்தில் கையிருந்த 4 டெசிபலுக்கு என்ன பதில்? மூன்றில் ஒரு பங்கு இடங்களில் இணைப்பு அறுந்துவிடும்.

படி 5: நீங்களே அளந்து பாருங்கள்

பாடத்தைப் பத்து முறை படிப்பதை விட ஒரு முறை அளப்பது மேல். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சிறிய புளூடூத் பீக்கன் (தன் இருப்பை விடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும் குட்டி டிரான்ஸ்மிட்டர்) ஒன்று, சிக்னல் அளவை டிபிஎம்மில் காட்டும் செயலி உள்ள போன் ஒன்று, ஒரு அளவுகோல், ஒரு மேசை போதும்.

பீக்கனைப் பக்கத்து அறையில் வையுங்கள். இடையே நேர்ப்பார்வை இருக்கக் கூடாது. மேசையில் அளவுகோலை ஒட்டிவைத்து, போனை 1 செ.மீ. 1 செ.மீ.யாக நகர்த்துங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் போனை வைத்துவிட்டு நகர்ந்து நின்று பத்து அளவீடுகளாவது எடுங்கள். நகர்ந்து நிற்பது முக்கியம்: மனித உடல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை நன்றாக உறிஞ்சும், எதிரொலிக்கவும் செய்யும். பக்கத்தில் நின்றால் நீங்கள் அளப்பது பாதி உங்களையே. அதேபோல் மின்விசிறியை நிறுத்துங்கள், கதவுகளை அசைக்காதீர்கள், யாரும் குறுக்கே நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் வைஃபை வேண்டாம், புளூடூத்? வைஃபை சிக்னல் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். அந்த அகலத்தில் சில பகுதிகள் குழியில் இருக்கும்போதே மற்றவை உச்சத்தில் இருக்கும். போன் காட்டும் ஒற்றை எண்ணில் அந்தக் குழிகள் நிரவப்பட்டுவிடும். புளூடூத் பீக்கன் அனுப்புவது 1 அல்லது 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில். குழி குழியாகவே தெரியும்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பீக்கன்கள் 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ் என்ற மூன்று அலைவரிசைகளில் மாறி மாறி அறிவிக்கும். எதில் கேட்டது என்று போன் பெரும்பாலும் சொல்லாது. எதையும் அசைக்காமல் வைத்திருக்கும்போதே அளவீடு இரண்டு மூன்று மட்டங்களுக்கு இடையே தாவினால் கருவி பழுது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே இடத்தில் மூன்று அதிர்வெண்களுக்கு மூன்று விதமான மங்கல் இருப்பதை உங்கள் கண் முன்னே பார்க்கிறீர்கள். மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் பீக்கனை நீங்களே உருவாக்கினால் மூன்றில் ஒன்றை மட்டும் பயன்படுத்தும்படி அமைக்கலாம். வசதி இருந்தால் அப்படியே செய்யுங்கள்.

படி 6: எண்களைப் படியுங்கள்

மேசை அளவீட்டை வரைபடமாகப் போட்டால் குழிகள் தெரியும். அவற்றின் இடைவெளி அரை அலைநீளத்துக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். எல்லாத் திசைகளிலிருந்தும் அலைகள் வருவதால் துல்லியமாக வராது.

சராசரி எடுக்கும்போது கவனம். டிபிஎம் எண்களை அப்படியே கூட்டிச் சராசரி எடுத்தால் தவறு. முதலில் மில்லிவாட்டாக மாற்றி, சராசரி எடுத்து, பிறகு டெசிபலுக்குத் திருப்புங்கள். ரேலே மங்கலில் இந்த இரண்டு சராசரிகளுக்கும் இடையே 2.5 டெசிபல் வித்தியாசம் வரும்.

ரேலேயா, ரைஸா என்று அறியச் சுருக்கமான வழி ஒன்று சொல்கிறேன். எல்லா அளவீடுகளையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். நடு எண்ணையும், கீழிருந்து 10 சதவீத இடத்தில் உள்ள எண்ணையும் எடுங்கள். இரண்டுக்கும் இடைவெளி 8 டெசிபல் அளவில் இருந்தால் ரேலே. 3, 4 டெசிபல்தான் என்றால் வலுவான நேரலை ஒன்று வந்துகொண்டிருக்கிறது, நீங்கள் அதிர்ஷ்டசாலி. நூறு புள்ளிகளாவது இல்லாமல் இந்த முடிவுக்கு வராதீர்கள்.

நிழல் மங்கலைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால், 20 முதல் 40 அலைநீளம் வரையிலான தூரத்துக்கு ஒரு சராசரி எடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இது இரண்டரை முதல் ஐந்து மீட்டர். சென்டிமீட்டர் குதியல்கள் அதில் நிரவப்பட்டு, மிஞ்சுவது நிழல் மட்டும்.

படி 7: நேரத்திலும் அதிர்வெண்ணிலும் யோசியுங்கள்

ரிசீவர் நகர்ந்தால் இடத்தில் உள்ள குழிகள் நேரத்தில் வரும் குழிகளாகிவிடும். எவ்வளவு வேகமாக? வேகத்தை அலைநீளத்தால் வகுத்தால் அதிகபட்ச டாப்ளர் அதிர்வெண், அதாவது நகர்வால் அதிர்வெண்ணில் ஏற்படும் விலகல், கிடைக்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 900 மெகாஹெர்ட்ஸுக்கு 50 ஹெர்ட்ஸ். 0.4-ஐ இதனால் வகுத்தால் சேனல், அதாவது அலைகள் வந்து சேரும் பாதைகளின் மொத்த நிலை, ஏறக்குறைய மாறாமல் இருக்கும் நேரம்: இங்கே 8 மில்லிவினாடி. நடந்து போகிறவருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் 10 ஹெர்ட்ஸ், 40 மில்லிவினாடி. யாரும் நகராவிட்டாலும் சுற்றிலும் மனிதர்களும் கதவுகளும் அசைந்தால் சேனல் மாறும்.

அதிர்வெண் பக்கம் வந்தால், இரண்டு பாதைகளுக்கு இடையே 30 மீட்டர் வித்தியாசம் என்பது 100 நானோவினாடித் தாமதம். அப்போது ஒவ்வொரு 10 மெகாஹெர்ட்ஸுக்கும் ஒரு குழி வரும். இந்தத் தொடர்பை வைத்துத்தான் 1924-இல் எட்வர்ட் ஆப்பிள்டனும் மைல்ஸ் பார்னெட்டும் வானத்தின் அயனி மண்டலம் அலைகளை எதிரொலிக்கிறது என்று நிரூபித்தார்கள். போர்ன்மவுத்தில் இருந்த பிபிசி டிரான்ஸ்மிட்டரின் அதிர்வெண்ணை மெல்ல மாற்றி, ஆக்ஸ்ஃபோர்டில் சிக்னல் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணினார்கள். அதிலிருந்தே எதிரொலிக்கும் அடுக்கின் உயரம் கிடைத்தது. அயனி மண்டல ஆராய்ச்சிக்காக ஆப்பிள்டன் 1947-இல் நோபல் பரிசு பெற்றார். மங்கல் என்பது தொல்லை மட்டுமல்ல, சரியாகப் படித்தால் அது சேனலைப் பற்றிய தகவலும்கூட.

அகலமான சிக்னலில் இந்தக் குழிகளைச் சமாளிக்க, வைஃபையின் ஏ, ஜி, என் தலைமுறைகள் 20 மெகாஹெர்ட்ஸை 312.5 கிலோஹெர்ட்ஸ் துண்டுகளாக நறுக்கின. 4ஜி மொபைலின் எல்டிஈ 15 கிலோஹெர்ட்ஸாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் மங்கல் சமதளமாக இருப்பதால் சரிசெய்வது எளிது. இதற்கு மேல் அந்த உள்வேலை இப்போதைக்கு வேண்டாம்.

படி 8: மங்கலுக்கு ஏற்ற தீர்வைத் தேர்ந்தெடுங்கள்

பாதை இழப்பா? தூரத்தைக் குறையுங்கள், ஆன்டெனா ஆதாயத்தை அல்லது பவரைக் கூட்டுங்கள். நிழலா? ஆன்டெனாவை உயர்த்துங்கள், இடம் மாற்றுங்கள், மறைவில் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் வையுங்கள்.

பல்பாதைக்கு மருந்து, ஒரே சிக்னலைத் தனித்தனியாக மங்கும் வழிகளில் பெறுவது. டைவர்சிட்டி என்பார்கள். ஒரு ஆன்டெனா 20 டெசிபல் குழியில் விழும் வாய்ப்பு நூறில் ஒன்று. அதிலிருந்து விலகி நிற்கும் இன்னொரு ஆன்டெனாவும் அதே நேரத்தில் விழும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. அதே பத்தாயிரத்தில் ஒன்றைப் பவரால் மட்டும் அடைய இன்னும் 20 டெசிபல், அதாவது நூறு மடங்கு பவர் வேண்டும். இரண்டாவது ஆன்டெனா வைத்தால் டிரான்ஸ்மிட்டர் பவரைத் தொடவே வேண்டாம்.

எவ்வளவு விலக்கி வைப்பது? கட்டடத்துக்குள் எல்லாத் திசையிலிருந்தும் அலைகள் வருவதால் அரை அலைநீளம், அதாவது ஆறேழு சென்டிமீட்டர் போதும். உயரமான கோபுரத்தில் அலைகள் குறுகிய கோணத்திலிருந்து வரும், அங்கே பல அலைநீளங்கள் வேண்டும். இடம் இல்லையென்றால் ஒரு ஆன்டெனாவைச் செங்குத்தாகவும் மற்றொன்றைக் கிடையாகவும் திருப்பி வைத்தாலே நல்ல பலன் கிடைக்கும். ரிசீவரில் இரண்டு ஆன்டெனாவுக்கு இடமில்லாதபோது அனுப்பும் பக்கத்தில் இரண்டு வைத்து அதே பலனைப் பெறும் எளிய முறையை சியாவஷ் அலமூட்டி 1998-இல் வெளியிட்டார்.

அதிர்வெண்ணை மாற்றுவதும் ஒரு டைவர்சிட்டிதான். பழைய புளூடூத் 79 அலைவரிசைகளில் வினாடிக்கு 1600 முறை தாவும். நேரத்திலும் செய்யலாம்: தவறிய செய்தியைத் திரும்ப அனுப்புவது. இங்கே பலர் கவனிக்காத ஒன்று, குழியில் இருக்கும்போது உடனே அதே அதிர்வெண்ணில் திரும்ப அனுப்பினால் அதுவும் தவறும். படி 7-இல் கணக்கிட்ட நேரத்தை விட அதிகமாகக் காத்திருங்கள், அல்லது அலைவரிசையை மாற்றி அனுப்புங்கள். எதுவும் அசையாத அறையில் காத்திருப்பதும் பயன் தராது. அலைவரிசையை மாற்றத்தான் வேண்டும்.

10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே போனால் மழையும் சிக்னலை மங்கவைக்கும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆன்டெனா வைத்துப் பயனில்லை, இரண்டும் ஒரே மழைக்குள்தான் இருக்கும். அங்கே கையிருப்பைக் கூட்டுவதுதான் வழி.

படி 9: கணக்கை மறுபடி போடுங்கள்

படி 3-இல் விட்ட உதாரணத்துக்கு வருவோம். நிழல் மங்கலின் திட்ட விலக்கம் 8 டெசிபல் என்றால், பத்தில் ஒன்பது இடங்களில் இணைப்பு கிடைக்க 10 டெசிபல் ஒதுக்க வேண்டும். ரேலே மங்கலில் 99 சதவீதம் தாக்குப்பிடிக்க இன்னும் 20. மொத்தம் 30 டெசிபல் வேண்டும், இருப்பதோ 4. மீதி 26-ஐத் தூரத்தைக் குறைத்தே ஈட்டுவதென்றால் 100 மீட்டர் 18 மீட்டராகச் சுருங்கும்.

ரிசீவரில் இரண்டு ஆன்டெனா வைத்து எது வலுவோ அதை எடுத்துக்கொள்ளும்படி செய்தால், அதே 99 சதவீதத்துக்கு 20-க்குப் பதில் 10 டெசிபல் போதும். அப்போது மொத்தத் தேவை 20, குறைவது 16. தூரம் 35 மீட்டர் வரை போகலாம், பவர் அதேதான்.

இந்த எண்களோடு அந்த இடத்துக்குப் போய், கணக்கில் எல்லை என்று வந்த தூரத்தில் படி 5-ஐத் திரும்பச் செய்யுங்கள். அங்கே நீங்கள் அளக்கும் சராசரி, கணக்கிட்டதை விட 5 டெசிபலுக்கு மேல் விலகியிருந்தால் படி 3-இல் பத்து மடங்கு தூரத்துக்கு 35 டெசிபல் என்று நாம் வைத்த எண்ணை மாற்றிக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். சராசரி பொருந்தி, இணைப்பு மட்டும் அவ்வப்போது அறுகிறது என்றால், இரண்டு ஆன்டெனாக்களும் உண்மையிலேயே தனித்தனியாக மங்குகின்றனவா என்று ஒவ்வொன்றின் அளவீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பாருங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றாகவே ஏறி இறங்கினால் ஆன்டெனாக்களை இன்னும் விலக்கி வையுங்கள்.